லாரிக்காரிக்கு வசனம் கிடையாது

நான் வரையும் விண்வெளிக் காமிக்ஸில் யாரும் பேசமாட்டார்கள். நாலு புத்தகம் வந்துவிட்டது. ஒன்றிலும் ஒரு வரி வசனம் இல்லை. பக்கத்துக்கு மூன்றே படம், முழு அகலத்துக்கு, ஒன்றின்கீழ் ஒன்றாக. சினிமாவைப் பார்த்துப் பிடித்த பாணியா என்று கேட்கிறார்கள். இல்லை. அம்மாவைப் பார்த்துப் பிடித்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வராந்தா கூட்டுகிறாள். ராஜகீழ்ப்பாக்கத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து முதல் கதையை வரைந்தேன். ஏரி வற்றிய ஊரிலிருந்து ஒரு பெண் தண்ணீர் லாரியை விண்வெளிக்கு ஓட்டிப் போகிறாள். முதல் கிரகம் காய்ந்து கிடக்கிறது. அடுத்ததில் நிரப்பிக்கொண்டு திரும்புகிறாள். லாரியின் பின்னால் ராக்கெட், முன்னால் எலுமிச்சம்பழம். ஒழுகும் தண்ணீர் பனிமணிகளாக உறைந்து வழியெல்லாம் மிதக்கும்.

முதலில் பக்கத்துக்கு ஆறு படம், வரிசைக்கு இரண்டாக வைத்திருந்தேன். அம்மா இடப்பக்கப் படங்களை மேலிருந்து கீழே பார்த்து முடித்துவிட்டு வலப்பக்கம் போனாள்.

"இன்னாடா இது? லாரி ஆகாசத்துல போவுது, அப்பால குந்திகினு சாவி தேடுறா?"

தப்பு அவள்மேல் இல்லை. இடமிருந்து வலம் போக அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எல்லாவற்றையும் கிழித்துப்போட்டு மூன்று நீளப் படங்களாக வரைந்தேன். இந்த முறை யாரையும் கேட்காமல் கடைசிவரை போனாள். நடுவில், "வால்வை மூடாமப் போறா பாரு, கூறுகெட்டவ" என்று லாரிக்காரிக்கு ஒரு திட்டு.

சேலையூரில் ஒரு பதிப்பாளர் அதைப் புத்தகமாகப் போடச் சம்மதித்தார். மாதிரிப் பிரதி வந்தபோது படத்துக்குப் படம் வெள்ளைக் குமிழி, உள்ளே வசனம். என்னைக் கேட்காமலே எழுதியிருந்தார்கள். காய்ந்த கிரகத்தில் லாரிக்காரி சும்மா நிற்கும் படத்தில், அவள் தலைக்கு மேல், "ஐயோ! இங்கும் தண்ணீர் இல்லையே!"

அம்மாவிடம் கொடுத்தேன். முதல் படத்திலேயே விரல் நின்றுவிட்டது. குமிழியைத் தடவினாள்.

"இன்னா எழுதிக்கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் புத்தகத்தை என்னிடமே நீட்டினாள். "நீயே படிச்சு சொல்லு. எனுக்கு இன்னா தெரியும்."

போன மாதம்தான் அவள் தானாகவே படித்து முடித்த கதை அது.

மறுநாள் காலையிலேயே போய், வசனத்தை எடுக்கச் சொன்னேன்.

"வசனம் இல்லாம காமிக்ஸா தம்பி? ரெண்டு நிமிஷத்துல பொரட்டிட்டு வெச்சிடுவான்."

"எங்கம்மா அரை மணி நேரம் பார்த்தாங்க சார்."

"உங்கம்மாவா கடைக்கு வந்து புக்கு வாங்கப்போறாங்க?" என்று சிரித்தார்.

"இதுவரைக்கும் வாங்கல. அவங்க படிக்கிற மாதிரி நீங்க எதுவும் போடலையே சார்."

சிரிப்பு நின்றது. "சரி, பக்கத்துக்கு ஒரே ஒரு வசனம். மொத புக்கு தம்பி, யோசிச்சுக்கோ."

யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. என்னை வேறு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் என் பக்கங்களைப் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டு கேம்ப் ரோட்டில் இறங்கி நடந்தேன். ஒரு வசனம் வைத்தாலும் அந்த இடத்தில் அம்மா நின்றுவிடுவாள். அவளை நிற்கவைக்க நான் படிக்கவில்லை.

ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து நானே பின் அடித்தேன். அம்மா நாலைந்தைச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவளை அழைத்துவரப் போனபோது கல்லூரிப் படிக்கட்டில் ஒரே சத்தம். கடைசிப் படத்தில் லாரிக்காரி, ஊர்ச்சனம் வரிசையில் நிற்பதற்குமுன் தனக்கு ஒரு குடம் பிடித்து ஓரமாக வைக்கிறாள். அதற்காக அம்மாவோடு வேலை செய்கிற இரண்டு அக்காக்கள் சண்டை.

"திருடிட்டாடி அவ."

"போடீ, ஓட்டிகினு வந்தவ அவ. ஒரு கொடம் எடுத்தா இன்னா தப்பு?"

"தம்பி, வரைஞ்சவன் நீ. நீயே சொல்லு."

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"அவன் இன்னாத்த சொல்றது? கண்ணு கீதில்ல, நல்லா பாருங்கடி."