பதினைந்து கழித்துப் படிக்கிற கேஜ்

கோலார் தங்கவயலில் பாறையைத் துளைக்கிற இயந்திரங்கள் காற்றில்தான் ஓடும். அந்தக் காற்றை அழுத்திக் கீழே சுரங்கத்துக்கு அனுப்புகிற கொட்டகையில் எனக்கு வேலை. ரப்பர் குழாய்களைச் சோதிக்க, காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற ஒரு கேஜ் அங்கே வைத்திருந்தோம். எப்போதோ கீழே விழுந்து அதன் ஊசி வளைந்துவிட்டது. காற்றே இல்லாதபோதும் பதினைந்து பவுண்டு காட்டும். மாற்றித் தரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பதினைந்தைக் கழித்தே படித்துப் பழகிவிட்டோம். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை.

பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில், என் மனைவிக்குத் தலைப்பிரசவம். முந்தின நாள் எடுத்த வலி, விடிந்து வெயில் ஏறியும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடி, வெள்ளைக்கார டாக்டர் துரையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் மறுபேச்சில்லாமல் மோட்டாரில் ஏறி, என்னையும் ஏற்றிக்கொண்டார். மோட்டார் எங்கள் ஊருக்கு வந்த புதிது. பாதி வழியில், எங்கள் கொட்டகைக்கு எதிரிலேயே, ஆணி குத்தி டயர் உட்கார்ந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த டிரைவர் ஓட்டையை ஒட்டிவிட்டான். ஆனால் அவனுடைய கைப்பம்பு உழைத்து ஓய்ந்துபோயிருந்தது. எவ்வளவு அடித்தும் டயருக்குக் காற்று போகவில்லை.

"காத்துக்கா இங்க பஞ்சம்?" என்று சொல்லி, கேஜ் மாட்டிய சோதனைக் குழாயை இழுத்துவந்தேன். பம்பின் முனையைக் கழற்றி அதில் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி, டயரில் மாட்டிக் காற்றைத் திறந்துவிட்டேன்.

"அறுவது பவுண்டு. அதுக்கு மேல போனா வெடிச்சிடும். வேற டயரு கெடையாது," என்றான் டிரைவர்.

ஊசி அறுபதைத் தொட்டது. "நிறுத்துய்யா!" என்று கத்தினான்.

"இது நாப்பத்தஞ்சுதான். இந்தக் கல்லு ரோட்டுல மூணு பேரு குந்திக்கினு போனா ஒட்டு பிச்சிக்கும்."

"இன்னா, கண்ணு தெரியலியா? அறுவது காட்டுது பாரு!"

துரை என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நேற்று யாராவது அந்த ஊசியை நிமிர்த்தியிருந்தால்? டயர் வெடித்தால் என் வீட்டில் இரண்டு உயிர் போய்விடும். காற்று வருகிற வால்வை மூடி, குழாயை டயரிலிருந்து கழற்றினேன். ஊசி சரசரவென்று இறங்கிப் பதினைந்தில் நின்றது. அந்தக் கோணல் ஊசியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"காத்தே இல்ல. இன்னா காட்டுது பாரு," என்றேன். துரை தலையாட்டினார்.

மறுபடி மாட்டி, ஊசி எழுபத்தைந்து காட்டும்வரை ஏற்றினேன். டிரைவர் பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டான். நான் டயரை விட்டு நகரவில்லை. அது கல்லு மாதிரி நின்றது. பாலகாட் வரை கொஞ்சமும் இறங்கவில்லை.

வெகு நேரம் கழித்து வீட்டுக்குள்ளிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. துரை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பொண்ணு. அம்மாவும் நல்லா இருக்கு," என்றார் தமக்குத் தெரிந்த தமிழில். பிறகு டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உன் கேஜ் சரி," என்றார்.

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"கேஜ் தப்பு துரை. நான்தான் சரி," என்றேன்.