ஒரே கம்பியில் போனும் நெட்டும்

நேற்று எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் சுவரில் துளை போட்டார். சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறியதும் எனக்கு மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்குச் சொன்னேனோ என்னவோ, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் வீடுவீடாகச் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் கம்பியிலேயே இன்டர்நெட் கொடுக்கும் வேலை. சந்தவாசலில் பஸ் ஏறுவேன். மலை வளைவுகளில் பாதி உயிர் போய்விடும். ஆனால் இறங்கும்போது இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன்.

அங்கே ஒரு புளி வியாபாரியின் வீடு. காலேஜில் படிக்கும் மகள் கலா கேட்டதால் இணைப்புக்குச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது அவள் அம்மா அம்சாக்கா டெலிபோனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வேணா பண்ணு தம்பி. இந்த ஒயர்ல மட்டும் கை வைக்காத."

"அதுலதாங்க்கா நெட்டும் வரணும்."

கலா என்னை வாசலுக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் வேலு, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவர் கூப்பிடுவதென்றால் இந்த நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும்.

"அம்மா ஒரு கல்யாணத்துக்குக்கூட வர்றதில்லண்ணா. போன் அடிச்சா யாரு எடுக்கறதுன்னு கேக்குது."

தீப்பெட்டி அளவில் ஸ்பிளிட்டர் என்று ஒன்று உண்டு. அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"வர்ற ஒயரு இதுல ரெண்டாப் பிரியும்க்கா. ஒண்ணு போனுக்கு, ஒண்ணு கம்ப்யூட்டருக்கு. பொண்ணு நெட்ல இருந்தாலும் போன் அடிக்கும்."

எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். அரைமனதோடு எழுந்து வழிவிட்டார். மாட்டி முடித்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதுவரை மூலையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த வியாபாரி சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார், அங்கிருந்து கூப்பிட்டுப் பார்க்க.

கலா கம்ப்யூட்டரில் ஏதோ பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. அக்கா எடுத்து "அல்லோ" என்றார். பழைய போன், அந்தப் பக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

"நான்தான்" என்றார் வியாபாரி. அதோடு வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "வேலு கூப்ட்டான்னா வூட்டுக்கு வரச் சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்.

மகன் போனதிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டதில்லை என்று கலா பிறகு சொன்னாள். அக்கா "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ போட உள்ளே போனார்.

மழைக்காலத்தில் மோடம் பழுதென்று மறுபடி அங்கே போனேன். கதவைத் திறந்தவர் வேலு. உள்ளே அப்பாவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிதாகப் பேச்சில்லை. அம்சாக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

இப்போது அந்தக் கம்பிகள் இல்லை, என் வேலையும் இல்லை. மணி அடிக்கும்போதே பெயர் தெரிந்துவிடுகிறது, வேண்டுமென்றால் எடுக்கிறோம். யாரென்று தெரியாமல், அவனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே "அல்லோ" சொன்ன குரல்களை இனி எங்கே போய்க் கேட்பது?