காலால் திறக்கும் குழாய்

தமிழரசு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். அவர் சொன்னால் இரும்புகூடக் கேட்கும். மனைவி தனப்பிரியா மட்டும் ஒரு விஷயத்தில் கேட்கவே மாட்டாள். வியாபாரத்துக்குச் சேலை எடுக்கச் சேலம் அம்மாபேட்டைக்குக் கிளம்பினால், வீடு திரும்புகிற வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். வழியில் கழிப்பறைக்குப் போக வேண்டி வந்துவிடுமாம்! ஊரே பிடித்த தாழ்ப்பாள், பிசுபிசுத்த குழாய்த் திருகு. நினைத்தாலே அவளுக்குக் குமட்டும். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் திருந்தவில்லை.

அவள் வலியில் துடித்ததைப் பார்த்து தமிழரசுக்குப் பொறுக்கவில்லை. "கையே படாத கக்கூஸ் ஒண்ணு செஞ்சு காட்டறேன் பாரு தனம்" என்று பட்டறையில் இறங்கிவிட்டார். சேலம் ரோட்டில் சாப்பாட்டுக்கடை நடத்தும் சின்னண்ணன், தன் கடைக் கழிப்பறையைத் தாராளமாக விட்டுக்கொடுத்தார். கதவுக்கும் தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும் காலால் மிதிக்கிற பெடல். சாப்பிட வந்த லாரி டிரைவர்கள் மிதித்துப் பார்த்து, "அட்டகாசமுங்க!" என்றார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே தனப்பிரியாவை அழைத்து வந்தார். போன வேகத்தில் அவள் வெளியே வந்தாள்.

"ஏனுங்க, கை படக்கூடாதுன்னு செஞ்சுபோட்டு, செவுத்தைப் புடிச்சுத் தொங்க உட்டுட்டீங்களே! ரெண்டு காலும் வெச்சு ஏறி நின்னாத்தான் தண்ணி வருது!"

அடக் கடவுளே! அவர் போட்டிருந்தது லாரிப் பெடலின் ஸ்பிரிங். நாளெல்லாம் கிளட்ச் மிதிக்கிற கால்களுக்கு அது பஞ்சு; மற்றவர்கள் கதி? சின்னண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தமிழரசும் சிரித்து வைத்தார். ஆனால் இவள் இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாளா என்று உள்ளுக்குள் கலங்கிப்போனார்.

அவளோ மறுநாள் பட்டறைக்கே வந்து நின்றாள். ஒவ்வொரு ஸ்பிரிங்காக மாட்டச் சொல்லி மிதித்தாள். "இன்னும் லேசா வேணுங்க. சேலை மாட்டுது, பெடலைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க." கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் ஒன்று தேறியது.

அடுத்த வாரம் இருவரும் அம்மாபேட்டை போகும்போது, சின்னண்ணன் கடையருகே வேனை நிறுத்தச் சொன்னது அவள்தான். உள்ளே தண்ணீர் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. விளையாடுகிறாள்! தமிழரசுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சொட்டச் சொட்ட ஈரக் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கடை வாசலில் இளநீர்க் குலைகளருகே நின்ற சின்னண்ணனிடம் போனாள்.

"ஏனுங்ணா, ஒரு எளநி வெட்டுங்க. தண்ணி நிறைய இருக்கறதாப் பாத்து."