கேட் முன்னால் பதிவு செய்த கேசட்

எங்கள் பழைய ஃபேக்டரி மேனேஜர் பொய் சொல்கிறார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் அவருக்கு ஒரு பாராட்டு விழா. மாலையும் சால்வையுமாக நின்று, "நிலம் கொடுத்தவங்களுக்கு நிரந்தர வேலைன்னு நான் யாருக்கும் வாக்கு கொடுக்கல. அந்தப் பெண்கள் அவங்களாவே வேலைய விட்டுப் போனாங்க" என்று பேசியிருக்கிறார். அந்த வீடியோ என் தோழி தேவகிக்கு வந்தது. அவள் மருமகளுக்கும் வந்தது. "நீங்களா வுட்டுட்டு வந்துட்டு, தொரத்திட்டாங்கன்னு எங்களாண்ட கதை சொன்னீங்களா அத்தே?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். தேவகி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என்னிடம் கேசட் இருக்கிறது என்றேன். 1991-ல் ஃபேக்டரி கேட் முன்னால் நடந்த கூட்டம், முழுசாக.

பீரோவைத் திறந்தால் பாச்சை உருண்டை நெடி. எனக்கு எந்த நெடி மூக்கில் ஏறினாலும் ஈயம் பற்றவைக்கிற புகைதான் ஞாபகத்துக்கு வரும். பென்னலூர் பக்கம் சின்னச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் கம்பெனி அது. தேவகி வீடும் எங்கள் வீடும் அதற்கு நிலம் கொடுத்தவை. தேவகி செம்புக் கம்பியில் காயில் சுற்றுவாள். நான் டெஸ்டிங். டெஸ்டிங் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். கரண்ட் கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்பேன். ஒரே சீராக 'ம்ம்' என்றால் நல்லது, 'கர்ர்' என்றால் உள்ளே தகடு ஆடுகிறது. என் காதுக்குத் தப்பிய பீஸ் கிடையாது என்று அன்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருப்பேன். இன்றைக்குக் குக்கர் விசிலே பாதி நேரம் கேட்பதில்லை.

என் மகன் முரளி ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான். டேப் ரெக்கார்டரிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயர் போட்டு, கேசட்டை ஓட்டினான். தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம். யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

"யம்மா, டேப்பு பூட்ச்சு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. விடு."

"டேப்பு நல்லா கீது. உன் பொட்டிதான் சரியில்ல."

"இந்தப் பொட்டிலதான் தெனம் சீரியல் பாக்கற."

கோபம் வந்தது. ஃபேக்டரி லைனில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பீஸ் கத்தினால் எல்லாவற்றையும் பிரிக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே இருந்த பாட்டைப் போடச் சொன்னேன். சுத்தமாகப் பாடியது. அப்படியானால் ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. வேறு கேசட்டை, ஒரு சாமி பாட்டை, டேப் ரெக்கார்டரில் போட்டுக் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டோம். அதுவும் கர்ர். அப்போது தப்பு என் கேசட்டில் மட்டும் இல்லை. வயரை மாற்றினோம், அதே கர்ர். வயரைப் பிடுங்கிவிட்டு டேப் ரெக்கார்டரிலேயே ஹெட்போனை மாட்டினேன். சாமி பாட்டு மணி மாதிரி கேட்டது.

"அப்ப டேப் ரெக்கார்டரும் நல்லாதான் கீது. நீ வயர எதுல சொருகின?" என்றேன்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். மைக்குக்கு உள்ள பிங்க் ஓட்டையில் செருகியிருந்தான். மைக்கிலிருந்து வருவது நூல் போன்ற சத்தம். அதற்கென்று வைத்த வாசலில் டேப் ரெக்கார்டரின் முழு வால்யூமையும் திணித்தால் கிழியாமல் என்ன செய்யும்? பக்கத்திலிருந்த நீல ஓட்டைக்கு மாற்றி, வால்யூமையும் பாதிக்குக் கீழே இறக்கினான். என் கேசட்டைத் திரும்பப் போட்டதும் கூட்டத்தில் பேசியது கேட்டது.

ஆனால் முழுசாகக் கேட்கவில்லை. கத்திப் பேசிய இடமெல்லாம் இன்னும் கிழிசல்தான். இது என் தப்பு. அன்றைக்குப் பளிச்சென்று பதிவாகட்டும் என்று, துபாயிலிருந்து வந்த தேவகி அண்ணனின் டேப் ரெக்கார்டரைக் குழாய் ஒலிபெருக்கி கட்டிய கம்பத்திலேயே கயிறு போட்டுக் கட்டினேன். ஒலிபெருக்கியின் வாய்க்கு ஒரு சாண் கீழே. எந்தப் பீஸும் தப்பாத காதுக்காரியின் யோசனை அது.

மறுநாள் குன்றத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி தேவகி படப்பைக்கு வந்தாள். கூட்டத்தில் நிரந்தர வேலை எப்போது என்று மேனேஜரைக் கேள்வி கேட்டது அவள்தான். அன்றைக்கு மைக்கைப் பிடுங்கிக் கேட்டாள். தன் குரலைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடி இது, என் கொரலா? ரைஸ் மில்லு ஓடற மாறி கீது."

"நீ அப்டிதான் கத்துன."

"கத்தாம? நெலத்த குடுத்துட்டு கொஞ்சுவாங்களா?"

அதற்குப் பிறகு கேசட்டில் கைதட்டல், அதுவும் கிழிசல். பிறகு மேனேஜர். அவர் கத்துகிற ஆள் இல்லை. எங்களைச் சமாதானப்படுத்துகிறபோது இன்னும் குரலைத் தாழ்த்துவார். அந்தத் தாழ்ந்த குரலை மட்டும் கேசட் அப்படியே வைத்திருக்கிறது. "ரெண்டு வருஷம் பொறுத்துக்கங்கம்மா. நிலம் கொடுத்த ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தருக்கு நிரந்தர வேலை. இது என் வாக்கு." பின்னால் காகம் கத்துவதுகூடக் கேட்கிறது.

தேவகி நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டாள். "இன்னொரு தபா போடு முரளி," என்றாள். பிறகு மருமகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பெண் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி அத்தே" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கேட்டில் ஒட்டிய பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது, உள்ளே விடக் கூடாதவர்கள் என்று. இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. ஷிப்ட் சங்கு இல்லை, நாங்கள் சாப்பாட்டு டப்பா கழுவிய குழாயடி இல்லை. கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் நிலம் எந்த அடுக்குக்குக் கீழே என்று முரளிக்குக் காட்டப் போய், சும்மா கையை நீட்டிவிட்டு வந்தேன்.

மேனேஜர் ஐயா, உங்களுக்கு மாலை போட்ட அதே மண்டபத்துக்கு வாருங்கள். நாங்கள் கேசட்டைப் போடுகிறோம். தேவகியின் மருமகள் முன்வரிசையில் உட்காரட்டும். அது உங்கள் குரலா இல்லையா என்று எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்.