நீந்திவிட்ட மீனும் அருள்தாஸின் கால்களும்

ஆவூரில் எங்கள் பக்கத்து வீடு வியாகுலமேரியுடையது. புளி உலுக்க மரமேறிய அவள் கணவர் அருள்தாஸ் விழுந்து தண்டுவடம் நசுங்கியதிலிருந்து அந்த வீட்டில் எல்லாக் காலையும் ஒரே மாதிரிதான். கொல்லையில் இரண்டு சவுக்குக் கழிகளைக் கிடையாகக் கட்டி வைத்திருக்கிறாள். முழங்கால்களுக்கு மட்டை வைத்துத் துணி சுற்றி, அவரைத் தூக்கி, அந்தக் கழிகளுக்கு நடுவே நிறுத்துவாள். ஒரு தோளை அவள் தாங்குவாள், மறுதோளை நான். நல்ல கனமான மனிதர். எனக்கே சலித்துப்போன வேலை. அவளுக்கு எப்படியிருக்கும் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

மகள் பாத்திமா அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவி. லாம்ப்ரே என்று விலாங்கு போல ஒரு மீனாம். தண்டுவடத்தை வெட்டிவிட்டாலும் சில வாரங்களில் மறுபடி நீந்துமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து மேரிக்கு அந்த மீன்தான் சாட்சி. ஞாயிறு பூசை முடிந்து வீடியோ காலில் மகளைப் பிடித்தால், சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே மீன் நீந்தியதா என்று கேட்பாள். நீந்தியது என்றால் அந்த வாரம் என் தோளுக்கும் பாடு கூடும்.

போன ஞாயிறு நானும் கூட இருந்தேன், அவள் அப்படிக் கேட்கவில்லை. முந்தின நாள் அவரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்து, அவளும் சேர்ந்து விழப் பார்த்திருந்தாள்.

"இனிமே முடியலடி. ஒங்கப்பாவுக்கு நடை வருமா, வராதா? வரும்னா சொல்லு, செத்தாலும் தூக்குறேன்."

பாத்திமா நிதானமாகச் சொன்னாள். மீன் நீந்தினாலும் அதன் மூளையில் சில நரம்புச் செல்கள் பிழைப்பதில்லை. வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், முழுதாகச் சாக மாதக்கணக்கில் ஆகும். ஆனால் உள்ளே சாவு தொடங்கிவிட்டதை ஒரு சாயம் முதல் சில வாரங்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. கண்டால்தான் என்றைக்காவது தடுக்க முடியும். அப்பாவின் ஸ்கேனை டாக்டர்களிடம் காட்டியும் கேட்டுவிட்டாள், நடை வராது. கால் மடங்கிப்போகாமல் நீட்டி மடக்கிவிடுங்கள், படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுங்கள், தூக்கி நிறுத்தியது போதும் என்றாள்.

போனை வைத்துவிட்டு மேரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அருள்தாஸ் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"எனக்கு மொத மாசமே தெரியும் மேரி. கால்ல கட்டெறும்பு மொச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவள் அழுகையோடு சீறினாள்.

"அந்தக் கம்ப நம்பித்தான நீ காலையில எந்திரிச்ச. அதப் புடுங்கிட்டு ஒனக்கு என்னத்தக் குடுக்குறது?"

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் நான் போய்விட்டேன். வெயில் கொல்லைக்கு வந்தும் மேரி கட்டிலுக்குக் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அந்த நேரத்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அருள்தாஸ் விழித்திருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.

"தூங்கட்டும். அங்கிட்டுப் போயிட்டு மெல்ல வாங்க."