இத்தாவுக்குள் ஒரு கிளினிக் நாள்

என் கணவர் மௌத்தாகி, அடக்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை, மார்புப் புற்றுநோய்க்கு நான் ஏற்றிக்கொள்ள வேண்டிய அடுத்த கீமோ ஊசி நாள் வந்துவிட்டது. கண்டி கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ் கோல் எடுத்தபோது, போனைத் தூக்கியது என் கணவரின் அண்ணன், மூத்த காக்கா. "இத்தா முடியட்டும், பொறகு வருவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நாலு மாதமும் பத்து நாளும்! கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவை நான் மதிக்காதவள் அல்ல. ஆனால் கட்டிக்கு இத்தா தெரியுமா? அது பாட்டுக்கு வளரும். என் உயிருக்குத் தவணை சொல்ல இவர் யார்?

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தம்பியைப் பறிகொடுத்த துக்கம். எங்கள் ஊர் திகன கடைத்தெருவில் நாலு பேர் ஏதாவது பேசிவிடுவார்கள் என்ற பயம் வேறு. பயப்பட வேண்டியவள் நானல்லவா?

அந்த மிஸ் விடவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வார்ட், ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, டொக்டர் என்று திக்குத் தெரியாமல் அலையும் எங்களைப் பிடித்து ஒரு வழிக்குக் கொண்டுவருவதுதான் அவளுடைய வேலை. பின்னேரம் மறுபடியும் எடுத்து, என்னோடு நேரே பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். மகள் போனைக் கொண்டுவந்து தந்தாள்.

"அக்கா, உங்கட மார்க்கத்தைப் பற்றி நான் கதைக்க ஏலாது. பள்ளிவாசல்ல கேளுங்கோ. ஆனா ஊசி பிந்தினா, இவ்வளவு நாளும் நீங்கள் பட்ட பாடு வீணாப் போயிடும். அதை நான் மறைக்க மாட்டன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் அல்ல. வீட்டில் இத்தனை பேர் தீர்ப்புச் சொன்னார்களே, பள்ளியில் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையே! தொழவைக்கும் பள்ளி ஹஸ்ரத்துக்கு நானே கோல் எடுத்தேன். "மருந்துக்குப் போறதை யாரும்மா தடுத்தது? போங்க, முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க" என்றார். இவ்வளவுதான். இதற்கா இத்தனை கூத்து!

மிஸ்ஸிடம் சொன்னதும் வேலையில் இறங்கிவிட்டாள். இரத்தம் எடுப்பது, டொக்டரைப் பார்ப்பது, ஊசி எல்லாம் ஒரே நாளில். திரை போட்ட மூலைக் கட்டிலும் பார்த்து வைத்தாள். "வெள்ளன வாங்கோ அக்கா, பொழுதுபட முதல் வீட்டை போயிடலாம். நான் வாசலில நிப்பன்."

விடிந்ததும் வான் வந்தது. காக்கா வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹஸ்ரத் சொன்னதைச் சொன்னேன்.

"அவர் சொல்லுவார். ஊருக்கு யாரு பதில் சொல்ற?"

மருந்தில் முடி கொட்டி மொட்டையான தலைமேல் வெள்ளைச் சீலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நான் மையத்தாப் போனா, சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நீங்கதான் மொத ஆளாத் தோள் குடுப்பீங்க. இப்ப உசிரோட போறேன் காக்கா. வழிய உடுங்க."

அவர் கேற்றைத் திறந்துவிட்டார்.