வில்லு வற்றியபோது போட்ட கையெழுத்து

தாவரக் கணக்கெடுப்பில் கள உதவியாளனாக முப்பது வருஷம் அலைந்தேன். பெருமையாகச் சொல்ல அதில் அதிகமில்லை. ஒரு பிழையைச் சொல்கிறேன்.

வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு வில்லு. மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றும் ஆழமில்லாத குளத்துக்கு அதுதான் பெயர். காணிக்காரர் அதை மண் போட்டு நிரப்ப அனுமதி கேட்டிருந்தார். அங்கே அரிய செடி ஏதும் உண்டா என்று பார்க்க ஓகஸ்ட் வெயிலில் போனேன். வெடித்த தரை, காய்ந்த புல். அன்றைக்குப் பார்க்க இன்னும் இரண்டு காணி பாக்கி. 'விசேஷ தாவரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே ஆடு மேய்க்கும் ரசீனா ஜீப்படிக்கு வந்தார்.

"இப்ப வந்து என்னத்தப் பாத்தீங்க சேர்? மழ பேஞ்ச பொறகு வாங்க. தர செவந்து கெடக்கும்."

"ஓம், பாப்பம்" என்றேன். பார்க்கும் எண்ணமே இல்லை.

ஜனவரியில் வேறு வேலையாகப் போனபோது ஜீப்பை நிறுத்தினேன். கரை முழுக்கப் பூச்சி தின்னும் சிவப்பு அழுகண்ணிச் செடி. இலை மயிர்களில் பசைத்துளி. ஒட்டிக்கொண்ட ஈ ஒன்றின் மேல் சுற்றியிருந்த மயிர்கள் மெல்ல வளைந்தன. தண்ணீரில் யூட்ரிகுலேரியா என்ற இன்னொரு பூச்சிதின்னிச் செடியின் மஞ்சள் பூ. அதை இழுத்தால், ஈர மயிர்க்கற்றை போன்ற தண்டில் கடுகிலும் சின்னப் பைகள். பையின் வாயில் முட்டும் நீர்ப்பூச்சியைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உறிஞ்சிவிடும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கந்தோரில் மேலதிகாரியிடம் சொன்னேன். பூச்சியைக் குடுவை போன்ற இலையில் பிடிக்கும் செடி வளரும் தெற்கு மழைக்காட்டில் வேலை பார்த்து வந்தவர் அவர்.

"பூச்சி தின்னுற செடியெண்டா குடுவை இருக்கோணுமே. எங்க?"

"எல்லாம் குடுவையால பிடிக்காது சேர். ஒண்டு பசையால பிடிக்குது, மற்றது உறிஞ்சுது. தண்ணி வத்தினா விதை மட்டும்தான் மண்ணுக்குள்ள கிடக்கும்."

"அனுமதி குடுத்தாச்சு. இது உம்மட கையெழுத்துத்தானே?"

"ஓம் சேர். என்ட பிழைதான். எழுதித் தாறன்."

வேலையை நிறுத்தும் கடிதம் வர மூன்று கிழமை ஆனது. அதைக் கொண்டுபோனபோது டிரக்டர்கள் பாதி வில்லை மூடியிருந்தன.

"அண்டைக்கே சொன்னேனே சேர்" என்றார் ரசீனா. அவருடைய ஆடுகள் மிச்சத் தண்ணீரில் நெருக்கியடித்துக் குடித்துக்கொண்டிருந்தன.

களத்துக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன். படிவத்தை நிரப்புமுன் எந்த மாதம் என்று பாருங்கள். அந்த இடத்தில் தினமும் நடப்பவரைக் கேளுங்கள். வற்றிய நேரத்தில் 'காணவில்லை' என்று எழுதுங்கள். நான் 'இல்லை' என்று எழுதினேன். பாதி வில்லில் அது இப்போது உண்மையாகிவிட்டது.